பிரமாணமும் பிரஜைகளும்: திமொத்தி ரகிள்ஸின் வாழ்க்கை



ஒரு தேசம் விடுதலை பெற்ற வரலாற்றைச் சொல்லப் புகுவோர், அவ்விடுதலையை வென்று தந்தவர்களின் திருநாமங்களை வரிசையாக எடுத்தோதி, எதிர்த்து நின்று தோற்றவர்களைப் பற்றி இரண்டொரு வரிகளை மட்டும் எழுதி, அவ்வரிகளிலும் 'துரோகி' என்ற பட்டத்தைச் சேர்த்துவிட்டு, தம் கடமை தீர்ந்ததென்று எழுந்துவிடுவது எந்நாட்டிலும் காணப்படும் வழக்கம். அமெரிக்க நாட்டின் வரலாறும் இதற்கு விலக்கன்று. வாஷிங்டனையும் ஜெபர்ஸனையும் ஆடம்ஸையும் அறிந்த நம் மாணவர்கள், அப்புரட்சியின்போது அரசனுடைய பக்கம் நின்று, வீடும் நிலமும் இழந்து, கப்பலேறிப் போன பல்லாயிரம் குடும்பங்களைப் பற்றிக் கேள்வியுற்றிருக்க நியாயமில்லை. அவர்களுள் ஒருவரை, மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கி, சேனைத் தலைவராகவும் நியாயாதிபதியாகவும் உயர்ந்து, இறுதியில் தம் சொந்த அயலாருக்கு எதிராகப் படை திரட்டிய திமொத்தி ரகிள்ஸ் என்பவரை, இன்றைய சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலப் பாராளுமன்றத்தின் வரிவிதிப்பை எதிர்ப்பதற்காக அமெரிக்கக் குடியேற்றங்கள் தாமாகவே கூடிய முதல் மாநாட்டில் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் இவர். பத்தாண்டுகள் கழிந்தபின், அம்மாநாட்டின் வழித்தோன்றலான காங்கிரஸை ஒடுக்குவதற்காக ஆங்கிலத் தளபதியின் ஆணையின்கீழ்த் தொண்டர் படைக்குத் தலைமை ஏற்றவரும் இவரே. இவ்விரண்டு செயல்களுக்கும் இடையே மனிதர் மாறினாரா, அல்லது மனிதர் நின்ற இடத்திலேயே நிற்க நாடு நகர்ந்துவிட்டதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

வக்கீல்

ரகிள்ஸ் 1711ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மாஸசூஸெட்ஸைச் சேர்ந்த ராச்செஸ்டர் என்னும் ஊரில், ஒரு கிறிஸ்தவ போதகரின் புதல்வராகப் பிறந்தார். ஹார்வர்ட் கலாசாலையில் 1732இல் பட்டம் பெற்றதும், தந்தையைப் பின்பற்றிப் போதகராவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், சட்டத்தை நாடினார். அக்காலத்துக் குடியேற்றங்களில் வக்கீல் தொழில் இன்னும் பெருமதிப்புப் பெற்றிராத ஒன்று. நியாயாதிபதிகளிலேயே பலர் சட்டம் பயிலாத நிலக்கிழார்களாக இருந்தனர். ஆகவே, சட்டநூலைக் கரைத்துக் குடித்த ஓர் இளைஞர், ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் கூரிய நாவும் உடையவராக வழக்குமன்றத்தில் எழுந்து நின்றபோது, எதிர்க்கட்சிக்காரர் அஞ்சியதில் வியப்பில்லை.

1736இல் ஸாண்ட்விச் என்னும் கடற்கரையூரைச் சேர்ந்த பாத்ஷீபா என்ற கைம்பெண்ணை மணந்து, சில காலத்தில் அவ்வூரிலேயே குடியமர்ந்தார். அவ்வம்மையாருக்கு ஒரு சத்திரம் இருந்தது. ஹார்வர்டில் பயின்ற வக்கீல் காலையில் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, மாலையில் அச்சத்திரத்தில் விருந்தினருக்கு மது ஊற்றிக் கொடுப்பதையும், அவர்களுடைய குதிரைகளை லாயத்தில் கட்டுவதையும் இழிவாகக் கருதவில்லை. மாவட்டமெங்கும் பரவிய அவரது செல்வாக்கு, மன்றத்தில் வென்ற வழக்குகளால் மாத்திரமன்றி, சத்திரத்துத் திண்ணையில் கேட்ட கதைகளாலும் வளர்ந்ததாகும். எளிய மக்களின் பேச்சும் பழக்கமும் அறிந்த ஒருவர் பிற்காலத்தில் அம்மக்களின் மனத்தை முற்றிலும் அறியாதவராக ஆனது எவ்வாறு என்னும் கேள்வியை இப்போதே நினைவில் நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அவருடைய இயல்பைக் காட்டும் நீதிமன்றக் கதை ஒன்று நெடுங்காலம் வழங்கிவந்தது. ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்த மூதாட்டி ஒருத்தி, நிற்கமாட்டாமல் தளர்ந்து, எங்கே உட்காரலாம் என்று அவரைக் கேட்டாளாம். அவர் நியாயாதிபதியின் காலி நாற்காலியைச் சுட்டிக்காட்ட, அவளும் போய் அமர்ந்துகொண்டாள். நியாயாதிபதிகள் உள்ளே வந்து இதைக் கண்டு திடுக்கிட்டு வினவ, வக்கீல் ஐயாதான் சொன்னார் என்று அவள் கைகாட்டினாள். ரகிள்ஸ் எழுந்து, அந்த ஆசனம் கிழவிகளுக்கென்றே செய்யப்பட்டதென்று தாம் இதுகாறும் எண்ணியிருந்ததாக விடை பகர்ந்தாராம். பீடத்தில் இருப்போரின் தகுதியைக் கேலி செய்யத் தயங்காத இவர், பீடத்தின் அதிகாரத்தை ஒருபோதும் கேலி செய்ததில்லை. இந்த வேற்றுமையை உணர்ந்தாலன்றி அவருடைய பிற்கால வாழ்வு நமக்கு விளங்காது.

ஸாண்ட்விச் அடங்கிய பார்ன்ஸ்டபிள் மாவட்டத்தில் அவருக்கு நிகரான வக்கீல் ஒருவரே இருந்தார். அவர் மூத்த ஜேம்ஸ் ஓட்டிஸ். வழக்குக்கு வழக்கு இருவரும் எதிரெதிர்க் கட்சியில் நின்று வாதிட்டனர். அந்த ஓட்டிஸின் புதல்வர் இளைய ஜேம்ஸ் ஓட்டிஸ், பின்னர் குடியேற்றத்தாரின் உரிமைக்குரலாக விளங்கினார். புதல்வி மெர்ஸி ஓட்டிஸ் வாரன், ராஜாங்கக் கட்சியாரை எள்ளி நகையாடும் நாடகங்கள் எழுதினார். மன்றத்தில் தொடங்கிய போட்டி, ஒரு தலைமுறைக்குள் அரசியலாக வளர்ந்துவிட்டது.

சேனையும் நீதிபீடமும்

1750களின் தொடக்கத்தில் ரகிள்ஸ் கடற்கரையை விட்டு உள்நாட்டில் ஹார்ட்விக் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, பெரும்பண்ணை ஒன்றை உண்டாக்கினார். மான் வளர்க்கும் தோட்டமும், உயர்ந்த ஜாதிக் குதிரைகளும், வேட்டை நாய்களும் அங்கே இருந்தன. 1762இல் தொடங்கி அமெரிக்காவின் மிகப் பழைய விவசாயச் சந்தைகளில் ஒன்றாக இன்றும் போற்றப்படும் ஹார்ட்விக் சந்தை, அவருடைய முயற்சியால் தோன்றியதென்று கூறுவர்.

இதற்கிடையே பிரெஞ்சுக்காரருடன் மூண்ட யுத்தம் அவரைப் போர்க்களத்துக்கு இழுத்தது. 1755 செப்டம்பரில் நடந்த ஜார்ஜ் ஏரிப் போரில் அவர் ஒரு படைப்பிரிவின் கர்னலாக நின்றார். யுத்தத்தின் இறுதியாண்டுகளில் ஆம்ஹர்ஸ்ட் தளபதியின்கீழ்ப் பிரிகேடியராக உயர்ந்தார். குடியேற்றத்து இளைஞர்களை, உழவர் மக்களை, கனடாவின் எல்லைக்காடுகளில் நடத்திச் சென்றவர் அவர். 1775இல் அவருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர்களில் ஒரு பகுதியினர், அக்காலத்தில் அதே ஆங்கிலக் கொடியின்கீழ் அணிவகுத்த தலைமுறையினரே.

அரசனுக்காகப் போர் புரிந்தவருக்கு அரசாங்கத்தின் கௌரவங்கள் தாமே வந்தடைந்தன. 1757இல் வூஸ்டர் மாவட்டச் சிவில் நீதிமன்றத்தின் நியாயாதிபதியாகவும், 1762இல் அதன் தலைமை நியாயாதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் சட்டசபையின் சபாநாயகராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் தந்த பதவியும் அரசன் தந்த பதவியும் ஒரே மனிதரிடம் முரண்படாமல் தங்கியிருந்த காலம் அது.

தலைமைப் பீடம்

1765 மார்ச்சில் ஆங்கிலப் பாராளுமன்றம் முத்திரைச் சட்டத்தை நிறைவேற்றியது. வழக்குப் பத்திரங்கள், கிரய சாசனங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக் கட்டுகள் ஆகிய யாவும் வரி செலுத்தப்பட்ட முத்திரைத்தாளில் இருக்கவேண்டுமென்பது அதன் விதி. சொத்து வாங்கவும் விற்கவும் முத்திரைத்தாளை நாடிப் பழகிய நமக்கு அது பெருங்கொடுமையாகத் தோன்றாமல் போகலாம். ஆனால், தம் பிரதிநிதி ஒருவரும் இல்லாத சபை தம்மீது வரி விதிக்கலாமா என்னும் வினா அமெரிக்கர்களுக்கு உயிர்நிலையாக இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், 9 குடியேற்றங்களிலிருந்து 27 பிரதிநிதிகள் நியூயார்க் நகர மண்டபத்தில் கூடினர்.

மாஸசூஸெட்ஸ் அனுப்பிய மூவர் இளைய ஜேம்ஸ் ஓட்டிஸ், ஆலிவர் பார்ட்ரிட்ஜ், திமொத்தி ரகிள்ஸ் ஆகியோர். பின்னிருவரும் வரம்பு மீறாதவர்கள் என்னும் நம்பிக்கை கவர்னர் பெர்னார்டுக்கு இருந்தது. தலைவரைத் தெரிவு செய்கையில், ஓட்டிஸின் தீவிரத்துக்கு அஞ்சியோரின் துணையால், ரகிள்ஸ் மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்றார். ஏறத்தாழ மூன்று வாரங்கள் விவாதம் நடந்தது. உரிமைகளையும் குறைகளையும் எடுத்துரைக்கும் பிரகடனமும், அரசனுக்கும் பிரபுக்கள் சபைக்கும் மக்கள் சபைக்கும் அனுப்பவேண்டிய விண்ணப்பங்களும் தயாராயின. அவற்றில் கையொப்பமிடும் தருணம் வந்தபோது, மாநாட்டின் தலைவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். நியூஜெர்ஸியின் ராபர்ட் ஆக்டனும் அவ்வாறே மறுத்தார்.

காரணம் யாது? விண்ணப்பங்கள் அந்தந்தக் குடியேற்றத்தின் சட்டசபைக்கு முதலில் சமர்ப்பிக்கப்பட்டு, அச்சபைகளின் பெயரால் தனித்தனியே செல்லவேண்டும் என்பது அவர் கட்சி. பல சபைகளின் பிரதிநிதிகள் கூடிய புதியதொரு மன்றம், எந்தச் சட்டத்தாலும் பிறப்பிக்கப்படாத ஒன்று, எல்லோர் பெயராலும் பேசலாகாது என்று அவர் கருதினார். முத்திரைச் சட்டம் நல்லதா தீயதா என்பதைவிட, அதை ஆட்சேபிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அவருக்கு முதற் கேள்வியாகப் பட்டது. இது வக்கீலின் புத்தி. அதை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால், ஒரு புதிய தேசம் கருக்கொள்ளும் நேரத்தில் அதன் பிறப்புச் சாசனத்தைக் காட்டும்படி கேட்ட புத்தி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடைசி நாளில் நிகழ்ந்ததாக டெலவேரின் பிரதிநிதி தாமஸ் மக்கீன் வெகுகாலம் கழித்து, 1813இல், ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவத்தை விவரிக்கிறார். மறுப்பின் காரணத்தைச் சொல்லுமாறு மக்கீன் வற்புறுத்த, நெடுநேரம் மௌனமாயிருந்த ரகிள்ஸ், தம் மனச்சாட்சி இடந்தரவில்லை என்றார். 'மனச்சாட்சியா!' என்று அச்சொல்லையே மக்கீன் பலமுறை உரக்கச் சொல்லி எள்ளவே, பிரிகேடியர் சபையினர் முன்னிலையிலேயே அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். மக்கீனும் ஒப்புக்கொண்டார். மறுநாள் பொழுது புலர்வதற்குள் ரகிள்ஸ் ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதையும், சொன்னது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் என்பதையும் கருதி, இதை ஓரளவு தள்ளுபடி செய்தே நாம் ஏற்கவேண்டும். எனினும், ஜார்ஜ் ஏரிக்கரையில் பிரெஞ்சுக்காரரின் குண்டுகளுக்குமுன் நின்றவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. வார்த்தையால் தம்மை விளக்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் முதலில் மௌனத்தையும் பிறகு வாளையும் நாடிய ஒரு குறையை இச்சம்பவம் காட்டுகிறதென்றே கொள்ளலாம்.

1766 பிப்ரவரியில் மாஸசூஸெட்ஸ் சட்டசபை அவரைத் தம் இடத்தில் எழுந்து நிற்கச் செய்து, சபாநாயகர் வாயிலாகக் கண்டனம் கூறியது. தாம் நான்காண்டுகளுக்குமுன் அலங்கரித்த பீடத்திலிருந்தே வந்த கண்டனத்தை அவர் நின்று கேட்டுக்கொண்டார். அதன்பின்னும் அவருடைய தொகுதியார் அவரைச் சபைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தனர். அவரும் தனித்து வாக்களித்துக்கொண்டே இருந்தார். 1768 பிப்ரவரியில் உள்நாட்டுக் கைத்தொழில்களை ஆதரிக்கவேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது, அதை எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு அவருடையது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், பாராளுமன்ற வரிகளை ஆட்சேபித்து மற்றக் குடியேற்றங்களுக்குச் சபை அனுப்பிய சுற்றுக்கடிதத்தை வாபஸ் பெறுமாறு லண்டன் அமைச்சர் ஆணையிட்டபோது, சபை 92 வாக்குகளுக்கு 17 என்ற கணக்கில் மறுத்தது. அந்த 17 பேரில் ரகிள்ஸும் ஒருவர்.

92 பேரையும் போற்றி வெள்ளிக் கிண்ணம் ஒன்றைச் செய்த பாஸ்டன் தட்டான் பால் ரெவியர், 17 பேரையும் தூற்றிச் சித்திரம் ஒன்றைச் செதுக்கி அச்சிட்டான். அதில் ஒரு பூதத்தின் வாய் அகலத் திறந்து அனலைக் கக்குகிறது. அவ்வாய்க்குள் 17 பேரும் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கையில் சூலாயுதம் ஏந்திய பேய் ஒன்று பின்னாலிருந்து விரட்டுகிறது. மற்றொரு பேய் பெயர் சொல்லி அழைத்து முடுக்குவது 'டிம்' என்பவரை. பெயரின் மிச்சத்தைச் சொல்லவேண்டிய அவசியம் பாஸ்டன் நகரத்தில் யாருக்கும் இருக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால்

1773 டிசம்பரில் நம் நாட்டையும் ஆட்டிப்படைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டன. அதற்குத் தண்டனையாக, மாஸசூஸெட்ஸின் ஆட்சி முறையையே மாற்றும் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் 1774இல் இயற்றியது. அதுவரை தேர்தல் மூலம் அமைந்த ஆலோசனைச் சபை, இனி அரசனின் நேர் நியமனத்தால் அமையும். ஜூரிகளைப் பொறுக்கும் அதிகாரம் ஷெரீப்பின் கைக்குப் போகும். புதிய ஆலோசனைச் சபைக்கு அரசன் குறித்த பெயர்களில் ரகிள்ஸின் பெயரும் இருந்தது. நியமனம் பெற்றவர்களில் பலர் ஊராரின் சினத்துக்கு அஞ்சி மறுத்துவிட்டனர். சிலர் பிரமாணம் செய்துகொண்டபின் ராஜிநாமாச் செய்தனர். ரகிள்ஸ் ஆகஸ்டு மாதத்தில் பிரமாணம் செய்துகொண்டார், பின்வாங்கவில்லை.

அவர் ஹார்ட்விக்கை விட்டுப் புறப்பட்ட நாளைப் பற்றி ஊர் வழக்கு ஒன்று உண்டு. பாலத்தருகே அயலார் திரண்டு நிற்க, அவருடைய உடன்பிறந்தாரான பெஞ்சமின், அந்தப் பாலத்தைக் கடந்து அரசனின் ஆலோசகராகப் போனால் உயிரோடு திரும்பி வரமுடியாது என்று எச்சரித்ததாகவும், பிரிகேடியர் குதிரையை நிறுத்தாமல் கூட்டத்தினூடே செலுத்திக் கடந்துபோனதாகவும் அவ்வழக்குச் சொல்லும். அவருடைய குதிரையின் வாலையும் பிடரியையும் கத்தரித்து உடலில் வர்ணம் பூசியதாகவும், பண்ணைக் கால்நடைகளைத் துன்புறுத்தியதாகவும் அக்காலத்துச் செய்திகள் கூறுகின்றன. தத்துவங்களுக்காக நடந்த போர் என்று நாம் படிக்கும் புரட்சி, ஊர்ப்புறங்களில் வாயில்லாப் பிராணிகளின்மேல் கை வைப்பதில்தான் தொடங்கியது என்பதைச் சரித்திர மாணவன் மறக்கலாகாது.

செப்டம்பர் 6ஆம் நாள், அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தலைமை வகித்த வூஸ்டர் நீதிமன்றம் கூடவேண்டிய நாள். அன்று 37 ஊர்களிலிருந்து 4,622 பேர், ஊர்வாரியாக எண்ணிக் கணக்கெடுக்கப்பட்டவர்கள், பெருந்தெருவின் இருமருங்கிலும் அணிவகுத்து நின்றனர். மன்றத்தின் கதவைத் திறக்கவிடவில்லை. நியாயாதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவ்வணிகளுக்கு நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ்ப் பதவி வகிக்கமாட்டோம் என்று எழுதிய உறுதிமொழியைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்தது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை, இரத்தம் சிந்தவில்லை. லெக்ஸிங்டனில் புரட்சிப் போரின் முதல் வேட்டு ஒலிப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, வூஸ்டர் மாவட்டத்தில் அரசனுடைய ஆட்சி இவ்வாறு முடிந்துவிட்டது. தலைமை நியாயாதிபதி அத்தெருவில் நடக்கவில்லை. அவர் பாஸ்டனில், ஆங்கிலத் தளபதி கேஜின் பாதுகாப்பில் இருந்தார்.

அங்கிருந்து அவ்வாண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட உடன்படிக்கை ஒன்று நம் கவனத்துக்கு உரியது. அதில் கையொப்பமிடுவோர், தம் உயிரையும் பொருளையும் ஈடாக வைத்து ஒருவரையொருவர் காப்பதாகவும், குடியேற்றத்தார் தாமே அமைத்த காங்கிரஸ்கள், கமிட்டிகள் ஆகியவற்றின் போலி அதிகாரத்துக்கு அடங்குவதில்லை என்றும், விரும்பியதை உண்ணவும் பருகவும் வாங்கவும் விற்கவும் தமக்குள்ள சுதந்திரத்தை நிலைநாட்டுவதாகவும், அவசியமானால் பலாத்காரத்தைப் பலாத்காரத்தால் எதிர்ப்பதாகவும் சபதம் செய்யவேண்டும். சுதந்திரம் என்ற சொல்லை எதிர்க்கட்சியாருக்கு முழுவதும் விட்டுக்கொடுக்க ரகிள்ஸ் ஆயத்தமாக இல்லை. ஆங்கிலச் சரக்கை வாங்கினவனின் கடைக் கதவில் தார் பூசும் கமிட்டியும் ஒரு கொடுங்கோல் அல்லவா என்று அவர் கேட்டார். அக்கேள்வி நியாயமானது, இன்றும் பதில் சொல்லத்தக்கது. ஆனால், அதை அவர் கேட்ட இடம், முற்றுகைக்கு ஆளாகப் போகும் நகரத்தில் ஆங்கிலத் துருப்புகளின் நிழல். ஆகவே கேட்டவர்களின் காதில் கேள்வி விழவில்லை. நிழலே கண்ணில் பட்டது. சேர்ந்தவர்களும் சொற்பமே.

1775 நவம்பரில், ஆங்கிலத் தளபதி ஹௌ, நகரில் அடைக்கலம் புகுந்திருந்த இராஜவிசுவாசிகளைக் கொண்டு மூன்று கம்பெனிகள் அமைத்து, ரகிள்ஸை அவற்றின் தலைவராக்கினார். சீருடை கிடையாது, இடக்கையில் சுற்றிய வெள்ளைத் துணியே அடையாளம். பகைவரை எதிர்த்து அணிவகுக்கும் பணியும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. இரவில் தெருக்களில் ரோந்து சுற்றி, தீ விபத்தும் குழப்பமும் நேராமல் பார்ப்பதே வேலை. ஆம்ஹர்ஸ்டின் சேனையில் பிரிகேடியராக இருந்தவர், 64 வயதில், வணிகர்களையும் குமாஸ்தாக்களையும் கூட்டிக்கொண்டு பாஸ்டன் சந்துகளைக் காவல் காத்தார். இராஜவிசுவாசிகளை ஆங்கிலத் தளபதிகள் எவ்வளவு குறைவாக மதித்தனர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. தம்மை நம்பியவர்களை ஆளத் தெரிந்த அளவுக்கு அவர்களைப் பயன்படுத்த அந்த ராஜ்யத்துக்குத் தெரியவில்லை. மெர்ஸி ஓட்டிஸ் வாரன் அவ்வாண்டு வெளியிட்ட நாடகத்தில், எல்லோரையும் வெறுக்கும் பிரிகேடியர் என்னும் பாத்திரமாக அவரைச் சித்திரித்திருந்தார்.

நாடுகடந்தோர்

1776 மார்ச் 17ஆம் நாள் ஆங்கிலச் சேனை பாஸ்டனை விட்டகன்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இராஜவிசுவாசிகள் உடன் கப்பலேறினர். ரகிள்ஸ் ஹாலிபாக்ஸ் சென்று, பின் நியூயார்க் பகுதிக்கு வந்து, யுத்த காலத்தை அங்கே கழித்தார். புதல்வர் மூவரும் அவர் பக்கம் நின்றனர்; மனைவி ஹார்ட்விக்கிலேயே தங்கிவிட்டார். 1778இல் மாஸசூஸெட்ஸ் இயற்றிய சட்டம், நாடுகடத்தப்பட்டோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தது. வரியில் தம் சம்மதம் கேட்கப்படவில்லை என்று போர் தொடுத்தவர்கள், ஒரு மனிதரின் நிலத்தைப் பறிக்கையில் அவருக்குத் தம் கட்சியைச் சொல்ல ஒரு விசாரணையும் அளிக்கவில்லை.

அவர் பெற்ற பெருந்துயரம் இதுவன்று. தாயின் பெயரையே கொண்ட அவர் புதல்வி பாத்ஷீபா, ப்ரூக்ஃபீல்டு ஊரின் ஜோஷுவா ஸ்பூனர் என்பவரை 1766இல் மணந்திருந்தாள், இல்லறம் இனிக்கவில்லை. நோயுற்று வந்து அவள் வீட்டில் பேணப்பட்ட எஸ்ரா ராஸ் என்ற இளம் புரட்சிப் படைவீரனும், சரணடைந்த ஆங்கிலச் சேனையைச் சேர்ந்த புகானன், ப்ரூக்ஸ் என்னும் இருவரும் அவளுடன் சேர்ந்து சதி செய்தனர். 1778 மார்ச் 1ஆம் நாள் இரவு ஸ்பூனர் கொல்லப்பட்டு, உடல் வீட்டுக் கிணற்றில் இடப்பட்டது. வூஸ்டரில் நடந்த விசாரணை ஒரே நாளில் முடிந்தது. அரசாங்கத்துக்காக வாதித்தவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ராபர்ட் ட்ரீட் பெயின். குற்றம் சாட்டப்பட்டோருக்காக வாதித்தவர், பிற்காலத்தில் ஜெபர்ஸனின் அட்டர்னி ஜெனரலாக விளங்கிய லீவை லிங்கன். குற்றம் ருசுவானதில் ஐயமில்லை. ஆனால், தான் கருவுற்றிருப்பதாகவும், சிசு பிறக்கும்வரை தண்டனையை ஒத்திவைக்க வேண்டும் என்றும் அவள் வேண்டினாள். அது பழைய ஆங்கிலச் சட்டம் அளித்த உரிமை. பரிசோதித்த மருத்துவச்சிகள் முதலில் இல்லையென்றனர். மறுமுறை பார்த்தபோது அபிப்பிராய பேதம் எழுந்தது. வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது. ஜூலை 2ஆம் நாள், பெருங்கூட்டத்தின் முன்னே, நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். பிணத்தைச் சோதித்தபோது ஐந்து மாத ஆண் சிசு இருந்தது.

அவள் ரகிள்ஸின் மகளாக இராதிருந்தால் அவ்வேண்டுகோள் செவியேறியிருக்குமா என்று அன்றுமுதல் இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் கேட்டுவருகிறார்கள். இரண்டில் ஒன்றை அறுதியிட்டுச் சொல்ல இயலாது. தந்தை தலைமை நியாயாதிபதியாக அமர்ந்திருந்த அதே ஊரில், தந்தை வாழ்நாள் முழுவதும் போற்றிய அதே சட்டம், மகள் கேட்ட கருணையை அளிக்கத் தவறியது என்பது மட்டும் உண்மை.

சமாதானம் ஏற்பட்ட 1783இல், 70 வயதைக் கடந்த ரகிள்ஸ் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றார். அவ்வாறு அப்பகுதிக்குக் குடியேறிய இராஜவிசுவாசிகள் சுமார் 30,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். வில்மட் என்னும் இடத்தில் அவருக்கு 10,000 ஏக்கர் காட்டுநிலம் மானியமாகக் கிடைத்தது. மற்றவர்கள் பென்ஷனுக்காக லண்டன் வாயிலில் காத்துக்கிடக்கையில், இம்முதியவர் மரம் வெட்டி, மண் திருத்தி, வீடு கட்டி, ஆப்பிள் தோட்டம் வைத்தார். 1795 ஆகஸ்டு 4ஆம் நாள், 83ஆம் வயதில், அங்கேயே காலமானார். ஹார்ட்விக்கை அவர் மீண்டும் காணவில்லை.

மதிப்பீடு

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறவேண்டும். ரகிள்ஸ் மாறவில்லை என்பதே என் துணிபு. 1765இல் கையொப்பமிட மறுத்தவரும், 1768இல் ஒற்றை வாக்கை அளித்தவரும், 1774இல் பிரமாணம் செய்துகொண்டவரும், 1775இல் வெள்ளைத் துணியைக் கையில் சுற்றியவரும் ஒரே மனிதர், ஒரே கொள்கையுடையவர். அதிகாரம் என்பது சாசனத்தால் வருவது, பிரமாணத்தால் கட்டுப்பட்டது, உரிய வழியன்றி வேறு வழியால் மாற்றத்தகாதது என்பது அக்கொள்கை. பதவியாசையால் அரசனைப் பற்றினார் என்று எதிரிகள் சொன்னது பொருந்தாது. பதவியை நாடியவர், பெரும்பான்மையோர் கை தூக்குகையில் தாமும் தூக்கியிருப்பார். ஊரில் அவருக்கிருந்த மதிப்புக்கும் போர்க்களத்து அனுபவத்துக்கும் புரட்சிச் சேனையில் உயர்ந்த ஸ்தானம் கிடைத்திருக்கும்.

அவருடைய பிழை வேறிடத்தில் இருக்கிறது. சாசனத்துக்கு உயிர் தருவது சம்மதம் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. நீதிமன்றம் கூடவேண்டுமானால், உழவன் ஒருவன் தன் ஏரை விட்டுவிட்டு வந்து ஜூரியாக அமரவேண்டும். சாட்சி ஒருவன் வந்து உண்மை சொல்லவேண்டும். தோற்றவன் தீர்ப்புக்குத் தலை வணங்கவேண்டும். இவற்றை அரசனுடைய முத்திரை தானாகச் செய்விக்காது. வூஸ்டர் தெருவில் நின்ற அந்த 4,622 பேர் அன்று நீதிமன்றத்தை அழித்தார்கள் என்று ரகிள்ஸ் நினைத்தார். அதுவரை அதைத் தாங்கி நின்றவர்களும் அவர்களே என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. சத்திரத்துத் திண்ணையில் அமர்ந்து மக்கள் பேச்சைக் கேட்ட வக்கீல், பீடத்தில் ஏறியபின் அவர்களைக் கட்சிக்காரர்களாகவும் சாட்சிகளாகவும் மாத்திரமே கண்டார். அவர்களே சட்டத்தின் உடைமையாளர்கள் என்பதைக் காணவில்லை.

எனினும், அவரை வென்றவர்களுக்கும் இவ்வாழ்க்கையில் ஒரு பாடம் உண்டு. சம்மதத்தின் பெயரால் எழுந்த ஆட்சி, சம்மதியாத ஒருவரை எவ்விதம் நடத்துகிறது என்பதே அதன் தரத்துக்கு உரைகல். விசாரணையின்றி நாடுகடத்தியதும், கர்ப்பிணி ஒருத்தியின் வேண்டுகோளை அவசரத்தில் ஒதுக்கியதும், அப்புதிய குடியரசு அவ்வுரைகல்லில் தேர்ச்சி பெறாத இடங்கள்.

இங்கே கூடியிருக்கும் சட்ட மாணவர்களை ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். நீங்கள் நாளை வக்கீல்களாவீர்கள், சிலர் நியாயாதிபதிகளாவீர்கள். ரகிள்ஸைப் போலத் தனித்து வாக்களிக்கும் நெஞ்சுரம் உங்களுக்கு வேண்டும். அதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், மன்றத்துக்கு வெளியே தெருவில் நிற்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை, பிரமாணம் செய்துகொண்ட நாளுக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருங்கள். அதை அவரிடமிருந்து கற்க முடியாது. அவர் செய்யத் தவறியதிலிருந்துதான் கற்கவேண்டும்.